டிஸ்க் போகவில்லை, டிரைவர்தான் இல்லை

போன ஆடியில் ஒரு மத்தியான வேளை. பிளவுஸ் தைக்கும் ஒரு அம்மாவும் அவருடைய மகளும் என் கடைப் படியேறி வந்தார்கள். மகள் நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மடிக்கணினியைத் துண்டில் சுற்றி, மஞ்சப்பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

“டிஸ்க் போயிருச்சுன்னு சொல்லிட்டாங்கக்கா. ரெண்டு கடையில காட்டியாச்சு. ரெண்டு பேரும் அதையேதான் சொல்றாங்க. புதுசு போட 4,500 ரூபாயாம்” என்றார் அம்மா. “வாங்கி ரெண்டு வருஷம்கூட முடியல. இவ எழுதி வெச்சதெல்லாம் உள்ளதான் இருக்கு. அதுவும் போனது போனதுதானாம்.”

கும்பகோணத்தில் 20 ஆண்டுகளுக்கு மேலாகக் கணினி சர்வீஸ் கடை நடத்துகிறேன். “போயிருச்சு” என்ற சொல்லோடு என் மேஜைக்கு வரும் பொருள்களில் பல உண்மையில் போவதே இல்லை. ஆனாலும் அந்தச் சொல்லை நம்பிக் கடன் வாங்கிப் புது டிஸ்க் போட்டவர்களை, பழைய மடிக்கணினியைக் காயலான் கடைக்குப் போட்டவர்களை எனக்குத் தெரியும். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அவர்களை நினைத்துத்தான்.

மடிக்கணினியை ஆன் செய்தேன். நிறுவனத்தின் சின்னம் வந்தது. அதற்குக் கீழே வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. பிறகு, சரிசெய்து பார்க்கிறேன் என்று ஒரு நீலத்திரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுப் புள்ளிகளைக் காட்டினேன். சின்னம் மதர்போர்டில் உள்ள சிப்பிலிருந்து வருகிறது. சுற்றுகிற புள்ளிகள் டிஸ்கில் இருக்கும் விண்டோஸின் பூட் கோப்பு ஓடத் தொடங்கிய பிறகுதான் வரும். செத்துப்போன டிஸ்க் புள்ளி சுற்றாது. விண்டோஸ் கெட்டிருக்கிறது, அதைத் தாங்கியிருக்கும் டிஸ்க் உயிரோடுதான் இருக்கிறது.

இரண்டு கடைக்காரர்களும் என்ன பார்த்திருப்பார்கள் என்பது எனக்குப் புரிந்தது. பென்டிரைவை மாட்டிப் புதிதாக விண்டோஸ் போட முயன்றிருப்பார்கள். எந்த டிஸ்கில் போடுவது என்று கேட்கும் திரை வந்திருக்கும். அங்கே பட்டியல் காலியாக இருந்திருக்கும். டிரைவ் எதுவும் கிடைக்கவில்லை, டிரைவர் இருந்தால் கொடு என்று கீழே ஒரு வரி. முதல் பாதியைப் படித்தவர்கள் இரண்டாம் பாதியைப் படிக்கவில்லை.

இங்கே நடப்பது இதுதான். இன்டெல்லின் 11-ம் தலைமுறைச் செயலிகள் வந்தபிறகு வெளியான மடிக்கணினிகள் பலவற்றில் ‘விஎம்டி’ என்றொரு ஏற்பாடு இயங்கிய நிலையிலேயே வருகிறது. சர்வர்களில் பல டிஸ்குகளைச் சேர்த்து நிர்வகிக்க உண்டான ஏற்பாடு அது. அது இயங்கும்போது டிஸ்க் அந்தக் கன்ட்ரோலருக்குப் பின்னால் போய்விடும். தெருவில் நின்று பார்த்தால் வாசற்கதவு மட்டும்தான் தெரியும். உள்ளே எத்தனை அறை என்று சாவி வைத்திருப்பவர்தான் சொல்ல வேண்டும். அந்தச் சாவிதான் டிரைவர். தொழிற்சாலையில் போட்டுத் தந்த விண்டோஸில் சாவி உண்டு. நாம் தரவிறக்கிப் பென்டிரைவில் ஏற்றும் விண்டோஸில் பெரும்பாலும் அது இல்லை. லினக்ஸ் போடப் போனாலும் சில நேரம் இப்படித்தான். உபுண்டு நிறுவி சில கணினிகளில் இந்த ஏற்பாட்டை முதலில் அணைத்துவிட்டு வா என்று நேராகவே சொல்லிவிடும். சர்வருக்கு அது வசதி. ஒற்றை எஸ்எஸ்டி உள்ள மாணவியின் மடிக்கணினிக்கு அதனால் சொல்லிக்கொள்ளும்படி பயன் எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

எஃப்2 விசையைத் தட்டி பயாஸ் அமைப்புத் திரைக்குள் போனேன். தகவல் பக்கத்தில் டிஸ்கின் மாடல் பெயரும் கொள்ளளவும் தெளிவாக எழுதியிருந்தது. “இதோ உன் டிஸ்க்” என்று அந்தப் பெண்ணிடம் விரலை வைத்துக் காட்டினேன். அடுத்த பக்கத்தில் விஎம்டி வரியைத் தேடினேன், காணோம். சில மாடல்களில் அந்த வரியை மறைத்தே வைத்திருக்கிறார்கள். கன்ட்ரோல் விசையையும் எஸ் விசையையும் சேர்த்து அழுத்தினால்தான் வெளியே வரும். அழுத்தினேன், வந்தது. அணைத்துச் சேமித்துவிட்டு, லினக்ஸ் இருக்கும் பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கினேன். டிஸ்க் தெரிந்தது. அதைத் திறந்ததும் அவளுடைய கிளினிக்கல் ரெக்கார்டு, நோட்ஸ், அப்பா இருந்த காலத்துப் படங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. நல்லவேளையாக டிஸ்கில் பிட்லாக்கர் பூட்டு போட்டிருக்கவில்லை. எல்லாவற்றையும் வெளி டிஸ்கில் ஏற்றிவிட்டுத்தான் புது விண்டோஸ் போட்டேன். அந்த அம்மா நாற்காலியில் உட்காரவே இல்லை. படங்கள் ஏறி முடிகிற வரை மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இதைப் படித்துவிட்டு ஓடுகிற கணினியில் விஎம்டியை அணைத்துவிடாதீர்கள். அது இயங்கும் நிலையில் போட்ட விண்டோஸ், அணைத்த பிறகு நீலத்திரையில் நின்றுவிடும்; பழையபடி ஆன் செய்தால் திரும்பிவரும். பிட்லாக்கர் பூட்டு உள்ள கணினியில் பயாஸில் கை வைத்தால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். அந்த எண் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் எதையும் தொட வேண்டும். அணைக்காமலேயே போட இன்னொரு வழியும் உண்டு. நிறுவனத்தின் தளத்திலிருந்து டிரைவரை இறக்கி, பிரித்து, அந்த ஃபோல்டரை அதே பென்டிரைவில் வைத்து, நிறுவும் திரையில் காட்டினால் போதும். பிரிப்பது என்பதுதான் பலர் தவறவிடும் இடம். இறக்கிய கோப்பை அப்படியே பென்டிரைவில் போட்டால் நிறுவிக்கு அது கண்ணில் படாது. அது தேடுவது உள்ளே இருக்கும் ஐஎன்எஃப் கோப்புகளை.

எனக்கு வருத்தம் தருவது, இது புதிய கதையே இல்லை என்பதுதான். நான் தொழிலுக்கு வந்த புதிதில் எக்ஸ்பி காலம். 2007, 2008 வாக்கில் வந்த மடிக்கணினிகளில் விஸ்டா இருந்தது. அது மெதுவாக ஓடுகிறது, எக்ஸ்பி போட்டுக்கொடுங்கள் என்று ஆட்கள் வரிசையாக வருவார்கள். சிடியைப் போட்டால் நீலத்திரை, கடைசியில் 7பி என்று முடியும் ஒரு பிழை எண். காரணம் என்ன? எக்ஸ்பி 2001-ல் வந்தது. சாட்டா டிஸ்கின் ஏஹெச்சிஐ முறை அதற்குத் தெரியாது. தெரியவைக்க எஃப்6 அழுத்தி ஃப்ளாப்பியில் டிரைவர் தர வேண்டும். மடிக்கணினியிலோ ஃப்ளாப்பி டிரைவே கிடையாது. பயாஸில் ஏஹெச்சிஐயை ஐடிஇ என்று மாற்றினால் டிஸ்க் தெரிந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு இரவுகள் ஆயின. அன்றைக்கும் “டிஸ்க் போச்சு” என்றுதான் ஊரெல்லாம் பேச்சு.

விண்டோஸ் 7 காலத்தில் வேறு வேஷம். பென்டிரைவிலிருந்து நிறுவும்போது, சிடி/டிவிடி டிரைவின் டிரைவர் இல்லை என்று ஒரு செய்தி வரும். சிடியே இல்லாத கணினியில் அந்தச் செய்தியைப் படித்தவர் என்ன நினைப்பார்? உண்மையில் அது பென்டிரைவைச் சொல்கிறது. நீல நிற யுஎஸ்பி 3.0 துளைக்கான டிரைவர் விண்டோஸ் 7-ல் கிடையாது. பென்டிரைவைக் கழற்றிக் கறுப்புத் துளையில் மாட்டினால் பல கணினிகளில் வேலை முடிந்தது. பிறகு இன்டெல்லின் 6-ம் தலைமுறைக் கணினிகள் வந்தபோது பழைய யுஎஸ்பி கன்ட்ரோலரே சிப்செட்டில் இல்லாமல் போனது. நிறுவும் திரை வரும்; மவுஸும் கீபோர்டும் அசையாது. அப்படி வந்த புத்தம் புதுக் கீபோர்டுகளை மாற்றித்தரச் சொல்லி என் கடைக்கே கொண்டுவந்திருக்கிறார்கள்.

எக்ஸ்பியிலிருந்து இன்றுவரை பெயர்கள்தான் மாறியிருக்கின்றன. கணினியை விற்றவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். வாங்கியவருக்குத் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னக் கோப்பு.

வைஃபை விஷயத்தில் இது இன்னும் கொடுமை. புது ஓஎஸ் போட்டு முடிந்ததும் வைஃபை தெரியாது. டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையம் வர டிரைவர் வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தீரும், பைத்தியம் தீர்ந்தால்தான் கல்யாணம் ஆகும் என்று எங்கள் பக்கம் சொல்வார்களே, அந்தக் கதைதான். முன்பெல்லாம் லேன் கேபிள் மாட்டிச் சமாளிப்போம். இன்றைய மெல்லிய மடிக்கணினிகளில் அந்தத் துளையும் போய்விட்டது. விண்டோஸ் 11 தொடக்கத்திலேயே இணையத்தில் இணை என்று கேட்டுக்கொண்டு அடுத்த திரைக்கு விடாது. கையில் ஆண்ட்ராய்டு போன் இருந்தால் யுஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தனி டிரைவர் எதுவும் கேட்காமலேயே அது இணையம் தரும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் தெரிந்துகொண்டால், “வைஃபை கார்டு போச்சு” என்று கேட்டுத் திரும்பி வருபவர்கள் பாதியாகக் குறைவார்கள் என்பது என் அனுபவம்.

அதன்பிறகு எந்த டிரைவர் என்ற கேள்வி. அதற்குக் கணினியே பதில் வைத்திருக்கிறது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு சிப்பும், கேட்டால் இரண்டு எண்களைச் சொல்லும். ஒன்று அதைச் செய்த நிறுவனத்தின் எண், மற்றது அந்தச் சிப்பின் எண். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் போட்ட பெயரைத் திறந்து, விவரங்கள் பகுதியில் ஹார்டுவேர் ஐடி என்பதைப் பார்த்தால் இரண்டும் இருக்கும். ஏஎம்டிக்கு 1022. இன்டெல்லுக்கு 8086, 1978-ல் வந்த அவர்களுடைய புகழ்பெற்ற சிப்பின் பெயரையே எண்ணாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். “தெரியாத சாதனம்” என்று திரையில் வருவது அந்தப் பொருளின் ஊமைத்தனம் இல்லை. அது தன் பேரைச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. அந்தப் பேரை அறிந்த டிரைவர் ஓஎஸ்ஸிடம் இல்லை. என் கடையில் 200 பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. எந்த மாடலில் எந்த எண், எந்த டிரைவரில் சரியானது என்று 2009-லிருந்து எழுதி வருகிறேன். அதை நான் எழுத வேண்டியே இருந்திருக்கக் கூடாது. பெட்டியின் மேலேயே அச்சடித்திருக்க வேண்டிய விவரம் அது.

எழுதித்தர ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. லினக்ஸ் கெர்னலைப் பராமரிப்பவர்களில் ஒருவரான கிரெக் குரோவா-ஹார்ட்மன் 2007 ஜனவரியில் வன்பொருள் நிறுவனங்களுக்கு ஒரு பகிரங்க அறிவிப்பு விடுத்தார். சிப்பின் விவரங்களைக் கொடுங்கள், டிரைவரை நாங்கள் காசு வாங்காமல் எழுதித் தருகிறோம், ரகசிய ஒப்பந்தத்தில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறோம் என்றார். கொள்கையில் பிடிவாதமான டெபியன் லினக்ஸ் சமூகத்தினர்கூட 2022-ல் வாக்கெடுப்பு நடத்தி, மூலநிரல் திறக்கப்படாத ஃபர்ம்வேர்களையும் நிறுவியோடு சேர்த்துத் தருவது என்று முடிவெடுத்தார்கள். 2023 ஜூன் 10-ல் வெளியான டெபியன் 12-லிருந்து, முன்பு கண்ணில் படாத பல வைஃபை கார்டுகள் நிறுவும்போதே தெரிகின்றன. அந்த வாக்கெடுப்பு அவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்காது. நிறுவ உட்காரும் சாதாரண மனிதர் முதல் திரையிலேயே தோற்றுத் திரும்பக் கூடாது என்று அவர்கள் நினைத்தார்கள். அந்த அக்கறையை, பணம் வாங்கிக்கொண்டு பொருளை விற்பவரிடம் நாம் எதிர்பார்க்கக் கூடாதா?

என் கோரிக்கை பெரியது இல்லை. டிஸ்க், வைஃபை, டச்பேட் ஆகிய மூன்றுக்கும் டிரைவர் கணினிக்குள்ளேயே, டிஸ்கை அழித்தாலும் அழியாத இடத்தில் இருக்க வேண்டும். முடியாத காரியமும் இல்லை. சில மதர்போர்டு நிறுவனங்கள் வைஃபை டிரைவரை பயாஸ் சிப்பிலேயே வைத்துத் தரத் தொடங்கிவிட்டன. மாடல் சந்தையிலிருந்து போன பிறகும் பத்து ஆண்டுகளுக்கு டிரைவர் பக்கத்தை எடுக்கக் கூடாது. பிரான்சில் 2021 ஜனவரி 1 முதல் மடிக்கணினிக்குப் பழுதுபார்க்கும் எளிமைக்கு மதிப்பெண் போட்டு விலையோடு காட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆவணங்களைத் தருகிறார்களா என்பதற்கும் அதில் மதிப்பெண் உண்டு. நம் நாட்டிலும் நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தது, அதே ஆண்டு டிசம்பரில் ஒரு தளமும் தொடங்கியது. அந்தப் பேச்சில் திருகாணிக்கும் பேட்டரிக்கும் கிடைக்கும் இடம் டிரைவருக்கும் கிடைக்க வேண்டும். என் மேஜைக்கு வருவதில் பேட்டரிக்கு அடுத்து டிரைவர்தான்.

தமிழ்நாட்டில் இதைக் கேட்க இன்னொரு வலுவான காரணம் உண்டு. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகள் இன்றும் என் கடைக்கு வருகின்றன. அண்ணன் படித்தது, தங்கை படித்தது, இப்போது மளிகைக்கடைக் கணக்கு எழுதுவது என்று மூன்று வாழ்க்கை வாழ்ந்தவை. அவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். அடுத்து 2025-26 பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி தரப்போவதாக அரசு அறிவித்தது. இத்தனை லட்சம் வாங்குபவர் சொன்னால் எந்த நிறுவனமும் கேட்கும். டெண்டரில் ஒரு பத்தி சேர்த்தால் போதும்: டிரைவர் தொகுப்பு முழுவதும் யாரும் இறக்கிக்கொள்ளும்படி அரசுத் தளத்தில் இருக்க வேண்டும், உள்ளிருக்கும் சிப்புகளின் எண்கள் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டுப் பெட்டியில் வர வேண்டும். ஒரு தாள்தான். அந்தத் தாள் இருந்தால் வேதாரண்யத்தில் இருக்கும் பையனும் தன் கணினிக்குத் தானே ஓஎஸ் போட்டுக்கொள்வான்.

என் தொழிலில் இருக்கும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. நமக்கு நேரம் இல்லை, வாடகை இருக்கிறது, வரிசையில் பத்து பேர் நிற்கிறார்கள்; எல்லாம் எனக்கும் உள்ளதுதான். இருந்தாலும் நிறுவும் திரை காட்டவில்லை என்பதற்காக “போச்சு” என்று சொல்லாதீர்கள். பயாஸில் பெயர் வருகிறதா பாருங்கள். புதிதாக வாங்கிவந்த எம்.2 எஸ்எஸ்டி தெரியவில்லை என்றால் அதன் தங்கநிற விளிம்பைப் பாருங்கள். இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் அது சாட்டா வகை. என்விஎம்இ மட்டும் ஏற்கும் துளையிலும் அது கச்சிதமாகப் போய் உட்காரும், ஆனால் தெரியாது. அந்த எஸ்எஸ்டியும் நல்லது, துளையும் நல்லது. கழற்றித் துடைத்து மாட்டுங்கள், வேறு கணினியில் போட்டுப் பாருங்கள். கால்மணி நேர வேலை. அந்தக் கால்மணி நேரத்துக்குக் கூலி கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். நான் அந்த அம்மாவிடம் 400 ரூபாய் வாங்கினேன். டிரைவர் கோப்புகளை ஒரு பழைய பென்டிரைவில் ஏற்றி மகள் கையில் கொடுத்தேன். ஹார்டுவேர் எண்களை அவளே தன் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

தீபாவளிக்கு மறுநாள் அந்த அம்மா திரும்பவும் வந்தார். விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தம் தருவதை, முன்பே அறிவித்தபடி 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டதால், பக்கத்து வீட்டுப் பையன் வேறு ஓஎஸ் போடப் பார்த்திருக்கிறான், டிஸ்க் தெரியவில்லை. அவனையும் அவன் மேஜைக் கணினியையும் ஆட்டோவில் ஏற்றிக் கூட்டி வந்திருந்தார்.

“தெரியலையா, போயிருச்சான்னு நீங்க பாத்து சொல்லுங்கக்கா” என்றார்.

பார்த்தேன். பயாஸில் பெயர் வரவில்லை. சாட்டா கேபிளை மாற்றினேன், வேறு துளையில் மாட்டினேன், என் கணினியில் போட்டுப் பார்த்தேன். எங்கேயும் வரவில்லை, காதருகே வைத்தால் டிக் டிக் என்று சத்தம் மட்டும் கேட்டது. அந்த டிஸ்க் உண்மையிலேயே போயிருந்தது. அந்தச் சத்தத்தைப் பையனையும் கேட்கச் சொல்லிவிட்டு, பழையதை அவன் கையிலேயே கொடுத்துவிட்டுப் புதியதைப் பிரித்தேன்.